பட்டாணியின் தாகம்

கீசரில் தண்ணீர் சுடவில்லை என்றால் எல்லோரும் முதலில் உள்ளே சூடேற்றுகிற காயிலைத்தான் சந்தேகப்படுவார்கள். பாதி நேரம் கோளாறு சுவிட்சில் இருக்கும். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பிறகு பொறுத்திருந்து பார்க்க வேண்டும். இருபது வருடமாகக் கொடைக்கானல் விடுதிகளில் நான் செய்கிற வேலை இதுதான், ஹரிகிருஷ்ணன் சார். முயல் விஷயத்திலும் அதைத்தான் செய்தேன். காட்டுமாட்டுக்காக நீங்கள் மாட்டிய கேமராவில் என்னைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்கிறீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

உங்கள் விடுதியைப் பார்த்துக்கொள்கிற தேவசேனா அக்டோபரில் ஒருநாள் கூப்பிட்டாள். பையோடு போய் நின்றேன்.

"கீசர் கெடக்கட்டும்ண்ணே. எம் பட்டாணி தண்ணியாக் குடிச்சுத் தள்ளுது. அத மொதல்ல ஒரு எட்டு பாருங்க."

பட்டாணி அவள் வளர்க்கிற முயல், இரண்டு கிலோ இருக்கும். இந்தக் குளிரில், பச்சைப் புல் தின்கிற அந்த அளவு முயலுக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர் தாராளம். அது முக்கால் லிட்டர் குடித்தது. கூண்டில் தொங்கிய பாட்டிலில் பேனாவால் கோடு போட்டேன். முதலில் தவிட்டை நிறுத்தினோம், மாற்றமில்லை. கூண்டை அடுப்படியிலிருந்து நகர்த்தினோம், அப்போதும் இல்லை. நான்காம் நாள், தங்க வருகிறவர்களின் கை எட்டாத பின்பக்கத்தில் வைத்தோம். மறுநாள் கால் லிட்டரோடு நிறுத்திக்கொண்டது.

ஏரிக்கரையில் கேரட்டைக் கீறி உப்புத் தடவி விற்கிறார்களே, அதுதான். தின்றுகொண்டே வருகிறவர்கள் மிச்சத்தைக் கம்பிக்குள் நீட்டியிருக்கிறார்கள். ரத்தத்தில் உப்பு கூடினால் மூளை தண்ணீர் கேட்கும். சிறுநீரகம் அந்தத் தண்ணீரைக் கொண்டு உப்பைக் கழுவி வெளியேற்றும். அழகான ஏற்பாடு. தேவசேனா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பறம்ண்ணே?" என்றாள். என் வீட்டில் நான் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

துணி துவைக்கிற மூக்கம்மா மட்டும், "கீசரு பாக்க வந்த மனுசன் மொசலுக்கு டாக்டராயிட்டாரு" என்று சிரித்தாள்.

அதன்பின் இரண்டு வாரம் தேவசேனா கூப்பிடவில்லை. முயல் நன்றாக இருந்தது. கீசரும் நன்றாக ஓடியது, நான்தானே சரிசெய்தேன்.

மூன்றாவது வாரம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்த கேரட் ஒன்றைக் கொண்டுபோய்ப் பின்பக்கமாகக் கொடுத்தேன். மறுநாளே கூப்பிட்டாள். மறுபடியும் கோடு போட்டோம்.

அவள் முயலைக் கூடையில் வைத்து, பஸ்ஸில் திண்டுக்கல்லுக்கு இரண்டு தடவை கொண்டுபோனாள். உப்பு ஏதாவது கொடுக்கிறீர்களா என்றுதான் டாக்டரும் முதலில் கேட்டாராம். அதை எங்கள் கீசர் அண்ணன் அப்போதே கண்டுபிடித்து நிறுத்திவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் அவர் சர்க்கரையா, சிறுநீரகமா என்று தேடப் போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் டாக்டர் கொடுத்த சீட்டுகளை என் முன்னால் விரித்தாள். வரி வரியாக விளக்கினேன்.

டிசம்பரில் மூக்கம்மா என்னை வழிமறித்தாள். "நீங்க வந்துட்டுப் போன அன்னைக்குத்தேன் அது கூடக் குடிக்குது. நானும் பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன்" என்றாள். சரியான கவனிப்பு. பின்பக்கம் உட்கார்ந்து உப்புக் கேரட் தின்றுவிட்டு மிச்சத்தை முயலுக்குப் போடுகிறவள் அவள்தான் என்று உங்களிடம் வந்து சொன்னேன். நீங்களும் அவளை வேலையிலிருந்து நிறுத்தினீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகக் கழிப்பதுதான் முறை. அவளையும் கழித்தோம்.

ஜனவரியில் உறைபனி விழுந்தது. அந்தப் பாட்டிலின் முனையில் இருப்பது சன்னமான இரும்புக் குழாய். பாட்டில் தண்ணீர் உறைய வெகுநேரம் ஆகும். குழாய் அதற்கு முன்பே உறைந்து அடைத்துக்கொள்ளும். அன்று சாயங்காலம் கேரட்டைக் கொடுக்கும்போதே எனக்கு அது தெரியும். அவளிடம் சொல்லவில்லை. காலையில் வந்து குழாயைக் கழற்றி, பனி எங்கே பிடிக்கத் தொடங்குகிறது என்று அவள் கையிலேயே வைத்துக் காட்டலாம் என்றிருந்தேன்.

காலையில் பட்டாணி குழாயில் வாய் வைத்தபடி விறைத்துக் கிடந்தது.

"தண்ணி முழுசா கெடக்கேண்ணே" என்றாள் தேவசேனா. "நாந்தேன் வெள்ளனே எந்திரிச்சுப் பாத்திருக்கணும், இல்ல?"

பார்த்திருக்கலாம்தான் என்றேன். அது உண்மைதானே. பிறகு இரும்பு ஏன் சீக்கிரம் குளிர்கிறது, உப்பேறிய ரத்தம் தண்ணீர் கிடைக்காவிட்டால் என்ன செய்யும், எந்த உறுப்பு முதலில் நிற்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவள் முயலை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இடையில் ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை. நான் சொல்வது பிடிக்காமலா சார் ஒருத்தி அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாள்?