மூன்றாவது ஒயர்

அவைக்குத் தலைமை ஏற்று, நான் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! நரைத்த பின்னும் நாதத்தை விடாத மூத்தோரே! "இன்னொரு கிட்டாரா?" என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன தாய்மாரே! பழைய எலெக்ட்ரிக் கிட்டாரின் வார்னிஷ் வெடிப்பைக் கண்டால் வாயடைத்து நிற்கும் என் இனத்தாரே! அனைவருக்கும் என் வணக்கம்.

மேடையின் ஓரத்தில், தோளில் கிட்டாருடன் ஓர் இளம்பெண் நிற்கிறார். ஒரு திருகாணிகூட மாற்றப்படாத கருவிக்கு நம் சங்கம் தரும் விருது இவ்வாண்டு அவருக்கு. நான் முடித்ததும் அவர் இந்த மைக்கின் முன் நின்று, வாசித்துக்கொண்டே பாடுவார். இதோ, இரைந்துகொண்டிருக்கிறதே, அது அவருடைய ஆம்ப்ளிஃபையர். கிட்டாரின் வயதுதான் அதற்கும்; விருதில் அதுவும் சேர்த்தி. அதன் முதுகிலிருந்து சுவருக்குப் போகும் ஒயரைப் பாருங்கள். பிளக்கில் இரண்டே கால்கள்; எர்த்துக்கான மூன்றாவது கால் இல்லை.

இது ஆபத்து என்று மேடை ஏறுமுன் செயலாளரிடம் சொன்னேன். "ஒரே ஒரு பாட்டுதாம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். ஆகவே, அன்பர்களே, நான் பேச்சை முடிக்கப்போவதில்லை.

சிரியுங்கள். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவள். மணி அடித்த பின்னும் பேசிப் பழகியவள்.

இந்தக் காதல் எனக்கும் உண்டு. மரம் பேசுமா? பேசும்! காந்தத்தைச் சுற்றி மயிரினும் மெல்லிய செம்புக்கம்பி. அதன் மேல் துடிக்கும் எஃகுத் தந்தி. துடிப்பு மின்சாரமாகி, மின்சாரம் முழக்கமாகி, முழக்கம் முதுகெலும்பில் இறங்கும்போது உருகாதவர் உண்டா? வயதாக ஆக மெருகேறும் பொருள் உலகில் குறைவு. மனிதரில் இன்னும் குறைவு. காதல் கண்ணை மறைக்கட்டும். எர்த்தை மறைக்கலாமா?

என் கணவரும் நம் சங்கத்துக்காரர்தான். அவருடைய தங்கை, என் நாத்தனார், பாடகி. ஒருநாள் ஓர் அரங்கில், கச்சேரிக்குச் சற்று முன், என் கணவரின் பழைய ஆம்ப்ளிஃபையரில் கிட்டாரை மாட்டி ஒத்திகை பார்த்தவள், "அண்ணி, கம்பியத் தொட்டா சுருக்குன்னு இருக்கு" என்றாள்.

"பழைய ஆம்ப்னா அப்படித்தான். அது அதோட குணம்" என்றார் என் கணவர்.

"குணமில்ல, கரண்ட் கசிவு. முதல்ல ஒயரை மாத்துங்க" என்றேன்.

"ஒயரை மாத்தினா அப்புறம் அது அந்த ஆம்ப்பே இல்ல!"

கேட்டீர்களா? கசிவுக்குக் குணம் என்று பெயர் சூட்டும் கூட்டம் நம்மைத் தவிர வேறெங்கேனும் உண்டா? மூன்று கம்பி ஒயர் கேட்டுக் காவலாளியின் அறைக்கு ஓடினேன். திரும்புவதற்குள் அரங்கம் நிறைந்து, பாட்டு தொடங்கிவிட்டது. அவள் உதடு மைக்கைத் தொட்டது.

பாட்டு நின்றது. அவளும் நின்றாள். கை கிட்டாரை விடவில்லை; விட முடியவில்லை. வாய் திறந்திருக்கிறது, குரல் இல்லை. நடிப்பு என்று நினைத்து அரங்கம் கைதட்டியது. ஆம், கைதட்டியது!

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். சாய்ந்தாள். என் கணவர் மேடைக்குத் தாவி, மண்டியிட்டு, இரு கைகளாலும் தூக்கினார். எதை? கிட்டாரை! தரையில் கிடந்தவள் கண் திறந்து கேட்டாள்: "அண்ணா, அதுக்கு மூச்சு இருக்கா?"

பிழைத்தாள். விரல்களில் தந்திகளின் தடம் வடுவாக நின்றது. அதன்பின் அவள் கிட்டாரைத் தொடவில்லை. என் கணவர் ஒயரை மாற்றினார். ஒலியில் இம்மியளவும் மாற்றமில்லை.

கிட்டாரின் தந்திகள் ஆம்ப்ளிஃபையரின் உலோக உடலோடு இணைந்தவை. அந்த உடலில் கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோவது மூன்றாவது ஒயர். அது இல்லையேல் மின்சாரம் வேறு வழி தேடும். கையில் தந்தி. உதட்டருகே, நிலத்தோடு இணைந்த மைக். நடுவில் யார்? பாடுபவர்!

பின்வரிசையில் யாரோ, "நீங்களே போய்ப் பிடுங்கிடுங்களேன்" என்கிறார். பிடுங்கலாம், ஐயா. நாளை இன்னொரு மேடையில் அவர் மறுபடி செருகுவார். அங்கே ஓடிவர எனக்குக் கால் ஏது?

மகளே, உன்னையே கேட்கிறேன். மைக்கிடம் வராதே, அங்கிருந்தே சொல். தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா?

"இருக்கும்மா. லேசா."

கேட்டீர்களா, பெருமக்களே? யாரிடமாவது சொன்னாயா?

"சொன்னேன். அது அப்படித்தான்னாங்க."

யார்?

"எல்லாருந்தான்."

எல்லாரும்! தலை குனிகிறீர்களே, ஏன்? ஒலியை அறிந்த செவிகளே, ஒரு பெண்ணின் சொல் மட்டும் உங்களுக்கு ஏன் கேட்கவில்லை?

என்ன கேட்கிறாய், மகளே? உரக்கக் கேள்.

"ஒயரை மாத்தினா விருது போயிடுமே, அம்மா?"

போகும். விதி அதுதான். நான் பொய் சொல்லமாட்டேன். தலைவர் விதியைத் திருத்தலாம், திருத்தாமலும் போகலாம். முடிவு உன்னுடையது.

நடக்கிறார். கிட்டாரைக் கழற்றிக் கீழே வைக்கிறார். செயலாளரே, வழியை மறிக்காதீர்கள்! சுவரருகே குனிகிறார்...

பிடுங்கிவிட்டார்!

இரைச்சல் அடங்கிவிட்டது. தலைவர் அவர்களே, இந்தப் பெண்ணுக்கு விருது இல்லையென்றால் இப்போதே அறிவித்துவிடுங்கள். உயிரோடு நின்று கேட்டுக்கொள்வார்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. பொறுமை இழந்தும் எழாதவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. வணக்கம்.