படத்தில் இருக்கும் கை

ப்ரோனியா: ...மூஞ்சி உங்க மூஞ்சிதான். பொய் சொல்ல ஆரம்பிக்கும்போது வருமே, அதே சிரிப்பு.

ஷிமோன்: பொய்யா? மலையடிவாரமே வாயைப் பொளந்துக்கிட்டு கேக்குது என் கதைய. கிராக்கோவ்லேருந்து ஓவியர் தேடி வந்து வரைஞ்சிருக்காரு!

ப்ரோனியா: அதுக்காக சாமி படத்துக்குப் பக்கத்துலயா மாட்டுவீங்க? புனித மிக்கோலாய் கோவிச்சுக்கப் போறாரு.

ஷிமோன்: அவரும் கதை கேக்கட்டும். பெரிய பூசை முடிஞ்சதும் ஊர் சனம் பாக்க வந்துரும். நல்லாருக்கா, இல்லையா?

ப்ரோனியா: நல்லாருக்கு. தொப்பி, மீசை, பிடில்... கை மட்டும்...

ஷிமோன்: கைக்கு என்ன?

ப்ரோனியா: ஒண்ணுமில்ல. மேசைய நகத்துங்க, ரொட்டி வைக்கணும்.

ஷிமோன்: ப்ரோனியா. கைக்கு என்ன?

ப்ரோனியா: அது உங்க கை இல்ல.

ஷிமோன்: ...பின்ன யார் கை?

ப்ரோனியா: என்னைக் கேட்டா? ஓவியர் முன்னாடி உக்காந்தது நீங்க.

ஷிமோன்: மூஞ்சிக்கு உக்காந்தேன். அப்புறம் புல்லறுப்பு வந்துருச்சு. கைக்கு யாரையாவது அனுப்புன்னாரு... அனுப்புனேன்.

ப்ரோனியா: யென்ட்ரெக்கை.

ஷிமோன்: நான் பேர் சொல்லலையே.

ப்ரோனியா: உங்க கூட நின்னு பிடில் வாசிக்கிறவன் அவன்தானே... வேற யாரை அனுப்புவீங்க?

ஷிமோன்: ஓ, யூகமா?

ப்ரோனியா: வில்லைப் பிடிக்கையில சுண்டுவிரலை உள்ள மடக்கிக்குவான். படத்துலயும் மடங்கியிருக்கு.

ஷிமோன்: அடேங்கப்பா! நேத்து பாதிரியார் பாத்துட்டு, 'அப்படியே ஷிமோன்'னாரு. யென்ட்ரெக் பொண்டாட்டி இதே இடத்துல நின்னு, 'அண்ணன் கை பேசுது'ன்னுட்டுப் போனா. கட்டுனவளுக்கே தெரியாத சுண்டுவிரல் உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?

ப்ரோனியா: அவ கல்யாண வீட்டுக்கு ஆட வருவா. நான் உக்காந்து பாக்குறவ.

ஷிமோன்: முன்னாடி நின்னு வாசிக்கிறது நான். நீ பாக்குறது அவனையா?

ப்ரோனியா: மெதுவா... ஜன்னல் திறந்திருக்கு.

ஷிமோன்: கிடக்கட்டும்! முதல் பனி விழுந்த அன்னிக்கு அவன் வீட்லேருந்து இறங்கி வந்தியே, தலைத்துணிய மூஞ்சி மேல இழுத்து விட்டுக்கிட்டு... ஆட்டுப்பட்டியில நின்னு பாத்தேன்.

ப்ரோனியா: பாத்தீங்களா? அப்பவே கேட்டிருக்கலாமே.

ஷிமோன்: நீ என்ன சொல்லுவியோன்னு பயம். இப்பவும் பயம்தான்.

ப்ரோனியா: பாலாடைக்கட்டி குடுக்கப் போனேன்.

ஷிமோன்: கரடி விடாதடி, அது என் தொழில். அவன் பொண்டாட்டி அன்னிக்கு சந்தையில இருந்தா. வீட்ல அவன் மட்டும்தான்.

ப்ரோனியா: வேணாங்க... பேச்சுக்குரல் கேக்குது. வந்துட்டாங்க. அவனும் கூட வருவான்.

ஷிமோன்: வரட்டும். அவன் வாசப்படி மிதிக்கறதுக்குள்ள சொல்லிரு. இல்லேன்னா அவன் கண்ணு முன்னாடி இந்தக் கோடாலியால படத்தைப் பொளந்துட்டு, ஊரை வச்சுக்கிட்டே கேப்பேன்.

ப்ரோனியா: ஐயோ... கோடாலிய கீழ வைங்க. கையில ஆடுதுங்க அது.

ஷிமோன்: கோவத்துல ஆடுது! சொல்லு!

ப்ரோனியா: புல்லறுப்புன்னு சொன்னீங்களே... நம்புன மாதிரி இருந்துட்டேன்ல? இதையும் நீங்க அப்படியே விட்டுருங்களேன்.

ஷிமோன்: நம்புன மாதிரியா? ...என்னடி சொல்ற?

ப்ரோனியா: உங்க கை நடுங்குறது எனக்குத் தெரியுங்க. நீங்க சூப்புக் கிண்ணத்தை ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிக்க ஆரம்பிச்சப்பவே தெரியும். அன்னிக்கு அவன்கிட்ட கெஞ்சத்தான் போனேன். 'அவர் வில்லு தடுமாறுற இடத்துல நீ ஓங்கி வாசிச்சிரு தம்பி. ஊருக்குத் தெரிய வேண்டாம், அவருக்கும் தெரிய வேண்டாம்'னு. அன்னிலேருந்து ஒவ்வொரு கல்யாணத்துலயும் அவன் கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்... உங்க கையைப் பாக்க எனக்கு தைரியம் வரலைங்க.