வீட்டுக்காரரை நிறுத்திய கதை

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் நைட்டி மூட்டை வைத்திருந்தவள் பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரரை வேலைய விட்டு நிறுத்திட்டேன்க்கா.”

“ஏட்டி, என்ன சொல்லுத?”

“துபாய்லருந்து வந்து சும்மா இருக்காகளேன்னு நம்ம தையல் யூனிட்டைப் பாத்துக்கிடச் சொன்னேன். நான் துணி எடுக்கப் போன அன்னைக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துலருந்து கூப்பிட நாலு மணிக்கே கிளம்புன ரெண்டு பேரை எல்லாரு முன்னாலயும் ஏசிட்டாக. மறுநாளு ரெண்டு பேரும் வரலை. ஆறு மிஷின்ல ரெண்டு சும்மா கெடந்தா ஆர்டரை எப்படி முடிக்க? நானே வீடு தேடிப் போயி கூப்பிட்டுட்டு வந்தேன். எங்க வீட்டுக்காரரை இனிமே வரவேண்டாம்னுட்டேன்.”

“கோவிச்சுக்கிடலையா?”

“மூணு நாளு பேசலை. நேத்து, ‘நான் மறுபடியும் வரட்டா?’ன்னு கேட்டாக. ‘அந்த ரெண்டு பேருகிட்ட கேளுங்க’ன்னேன்.”

“கேட்டாரா?”

“இன்னைக்குக் காலையில கேட்டாக. ஒருத்தி சரின்னுட்டா. இன்னொருத்தி, யோசிச்சுச் சொல்லுதேன்னுட்டா.”