வேலாயுதம் அரிவாளோடு வந்தான்

தனியாக இருக்கிறவனுக்குச் சமையலில் அளவுதான் தொல்லை, சாமி. ஒரு ஆளுக்கு ரசம் வைக்க எனக்கு இன்னும் வரவில்லை. என் மனைவி லூர்து இறந்து இத்தனை வருடமாகியும் இரண்டு பேருக்குத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் மிஞ்சுவதை வேலாயுதம் குடித்துவிடுவான்.

நீங்கள் ஐயம்பேட்டைக்கு என் வீட்டுக்கு வந்ததில்லை. பின்னால் மூன்று தென்னை மரங்கள். வேலாயுதம் மரம் ஏறுகிறவன். மாதம் ஒரு முறை காய் போட்டால் போதும், ஆனால் அவன் வாராவாரம் வந்தான். மரத்தடியில் அரிவாளை வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான். அடுத்தவர் வீட்டுக்குள் அரிவாளோடு போவதில்லை என்பது அவர்கள் வழக்கம். சாப்பிடுவான், பேசுவான், போவான். மற்ற நாட்களில் கறிவேப்பிலை கேட்டுக்கூட என் வாசலுக்கு ஒருவரும் வந்ததில்லை.

துப்பாக்கியைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டாளத்திலிருந்து வந்ததும் உரிமம் எடுத்து வாங்கிய இரட்டைக்குழல் அது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை வாசலில் நின்றேன். கல்யாணப் புடவை எடுக்க வந்த குழந்தைகளெல்லாம் அதைத் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு கடையில் கேமரா வைத்தார்கள். நானும் துப்பாக்கியும் வீட்டுக்கு வந்துவிட்டோம். தினமும் அதைத் துடைப்பேன். வேலாயுதம் கேலி பேசுவான்.

"இன்னா மிலிட்டரிணா, வீட்டுக்காரம்மாவுக்கு எண்ண தேச்சி உட்றியா?"

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தேன். சுவரில் அது தொங்கிய இடம் வெளிறித் தெரிந்தது. சாப்பிடும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காரப் பழகினேன். முடிவுகள் வந்து அது திரும்பிய அன்று இரண்டு தட்டு எடுத்து வைத்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

அடுத்து உரிமத்தைப் புதுப்பிக்கப் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையானவர். "உங்களுக்கு யாரால ஐயா ஆபத்து?" என்று கேட்டார். யாராலும் இல்லை என்றேன். அப்படியானால் இந்த முறை கஷ்டம், ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்றார்.

அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வேப்பமரத்தடியில் பேசினோம். லாரியைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறீர்கள், தறியை மந்திரிக்கிறீர்கள், இதையும் மந்திரித்துக் கொடுங்கள் என்றேன். மறுத்தீர்கள். என் பெயர்கொண்ட சீடர் இராயப்பர் வாளை உருவி ஒருவன் காதை வெட்டியபோது ஆண்டவர் அந்த வாளை உறையில் போடச் சொன்னாரே தவிர எறியச் சொல்லவில்லையே என்று கேட்டேன். "வெட்டுப்பட்ட காதைத் தொட்டுக் குணமாக்கினாரே, அதை ஏன் விட்டுட்ட ராயப்பா?" என்றீர்கள்.

ஆனாலும் திருச்சபை சொல்வதை நீங்கள் மறைக்கவில்லை. தன் உயிரைக் காப்பது பாவமில்லை, அப்போது எதிராளி இறந்தாலும் அது கொலையில்லை என்றீர்கள். தாக்க வருகிறவன் ஆயுதத்தோடு எதிரே நிற்க வேண்டும். வேறு வழி இருக்கக் கூடாது. தேவைக்கு மேல் பலம் கூடாது. மனதில் கொல்லும் எண்ணம் இருக்கக் கூடாது. கடைசியில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒரு நாய் வளர்க்கச் சொன்னீர்கள். அது ஆலோசனைதானே, போதனையில்லை. முதலில் சொன்னதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

எனக்கு ஓர் ஆபத்து தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த ஆள் ஒருவன்தான். ஃபக்ருதீன் பாய் டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது வேலாயுதத்தைச் சீண்டினேன்.

"உங்கப்பன் மரம் ஏறுனா பாக்க நல்லாருக்கும். நீ பல்லி மாரி ஒட்டிக்கினு கீற."

அவன் சிரித்தான். "ரொம்பப் பேசுற மிலிட்டரிணா. ஒரு நாளைக்கு உன் தலையத்தான் சீவப் போறேன், எளநி மாரி."

"பாத்துப்பா, துப்பாக்கிக்காரர் கைல பேசுற," என்றார் பாய்.

"அவுரு சுட்டா காக்காகூடப் பறக்காது பாய்."

மிரட்டல் என்று புகார் கொடுத்தேன். காவலர் விமல்ராஜ் என்னை உட்காரவைத்தார். "யாரு, நம்ம வேலாயுதமா? கோழி அறுத்தாலே மூஞ்சத் திருப்பிக்குவான். வார்த்தைய வெச்சிக்கினு இன்னா பண்றது பெருசு? அரிவாளோட வூட்டுக்குள்ள வந்தானா? வந்தா சொல்லு, பாப்போம்."

நீங்கள் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றுதான் என்று அப்போது புரிந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை அவனுக்குப் போன் செய்தேன். சமையலறையில் இளநீர் குலை இருக்கிறது, வெட்ட வேண்டும், அரிவாளை உள்ளேயே எடுத்து வா என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றும் சொன்னேன். ரசம் வைத்திருந்தேன். பிறகு கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

வாசற்படியில் தயங்கி நின்று, அரிவாளைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினான். "இத்தோடவே வரட்டாணா?" என்று கேட்டான். வா என்றேன். படியைத் தாண்டி உள்ளே வந்தான்.

ஒரு தோட்டாதான் செலவானது. இரண்டாவது குழல் நிறைந்தே இருந்தது, பரிசோதித்துப் பார்த்திருப்பார்கள். தேவைக்கு மேல் நான் போகவில்லை. அவன் காதருகில் குனிந்து, பாவங்களுக்கு வருந்தும் உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னேன். அவன் நம் மதமில்லைதான், இருந்தாலும் முழுவதும் சொன்னேன். அவன் மனைவி துர்கா ஓடிவந்தபோது அரிவாளைத்தான் முதலில் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவேயில்லை. "உன்னப் பாக்கத்தானேணா தலைகூட வாராம ஓடியாந்தாரு," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

துப்பாக்கி இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது. வழக்கு முடிந்தால் திருப்பித் தருவார்களா என்று வக்கீலைக் கேட்டேன். அவர் கோப்பை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். இங்கே சிறையில் யாரும் என்னோடு அதிகம் பேசுவதில்லை. சனிக்கிழமைகள்தான் நீளமாக இருக்கின்றன.

இந்தப் பாவசங்கீர்த்தனத்தில் உங்களிடம் என் பாவங்களைச் சொல்வதற்காக மூன்று நாளாக என்னைச் சோதித்துப் பார்த்தேன், சாமி. கோபம் இல்லை. பகை இல்லை. அவன் சாக வேண்டும் என்று நினைக்கவேயில்லை. எனக்கு ஆபத்து இருக்கிறது என்று அந்த அதிகாரிக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் வைத்த நிபந்தனைகளில் நான் தவறியது எது என்று தெரியவில்லை.

அவனைப் பார்த்துப் பயந்தாயா என்று கேட்கிறீர்கள். வேலாயுதத்தைப் பார்த்தா? பயந்திருந்தால் கதவைத் திறந்து வைத்திருப்பேனா, சாமி?