பட்டன் அமுக்க எல்கடுவைக்கு

அன்று காலை எல்கடுவ பஸ்ஸில் ஏழு பேர் இருந்தோம்: டிரைவர், கொண்டக்டர், இரண்டு டீச்சர்மார், மடியில் லேப்டாப் பையோடு ஓர் இளைஞர், அவர் பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா, பின் சீட்டில் நான்.

"ஒரு பட்டன் அமுக்கத்தான் இவ்வளவு தூரம் போறேன்," என்றார் அந்த இளைஞர்.

"எந்தப் பட்டன்?" என்று அக்கா கேட்டார்.

"ஒங்க தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டர் பட்டன் அக்கா. அலுவிகாரையில என் வீட்டுல இருந்தே இன்டர்நெட்ல வீ.பி.என். போட்டு அதுக்குள்ள போய் வேலை செய்வேன். நேத்து சாப்பிட எழும்புறப்போ, என் லேப்டாப்பை நிப்பாட்டுறதா நெனச்சி அதை நிப்பாட்டிட்டேன்."

"அங்க இருந்தே நிப்பாட்டுனதை அங்க இருந்தே போட ஏலாதா?"

"ஏலாது. அது முழிச்சிருந்தாத்தான் நான் உள்ள போகலாம்."

"எங்க ஆபீஸ் கிளாக்கரையா அமுக்க மாட்டாரா?"

"அவரு லீவு. ஆபீஸோட மத்த சாவி எங்கிட்டத்தான்."

"பட்டனுக்கும் சேர்த்து டிக்கட் எடுத்தீங்களா?" என்றார் கொண்டக்டர். டீச்சர்மார் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"தம்பி, நாளைக்கு எங்களுக்குச் சம்பளம். அந்தக் கணக்கு?"

"அதுலதான் இருக்கு. பாதியில நிக்குது."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப எங்க எல்லாரோட பேரும் சம்பளமும் ஒங்க வீட்டுல தெரியுமா?"

"தெரியும். பயப்படாதீங்க, மெஷினைப் போட்டதும் ஒங்களுக்கு எவ்வளவுன்னு பார்த்துச் சொல்றேன்."

"அதுக்கு மெஷின் வேணாம் தம்பி. பதினெட்டு நாள் வேலை. பிடிச்சது போக இருபத்தோராயிரத்து ஐந்நூறு வரணும்."