சின்னையன் மலையேறிய வருஷம்

எங்கள் குடும்பத்தில் என் கையெழுத்துதான் அழகு. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டாலும், ரேஷன் கார்டு மனு, கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எல்லாம் என்னிடம்தான் வரும். பள்ளியை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. டீச்சர் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். எனக்கு அது வராது. ஏலச்செடி எதுவும் கேட்பதில்லை. அதன் அடியில் உட்கார்ந்து காய் எடுப்பது எனக்குப் பிடித்திருந்தது.

சாந்தன்பாறைப் பக்கம் மலையாளிக் குடும்பங்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். குடும்ப சரித்திரம் என்று புத்தகமும் அச்சடிப்பார்கள். சூப்பர்வைசர் ஜோபி வீட்டில் ஒன்றைப் பார்த்தேன். அட்டையில் ஒரு மீசைக்காரர். நமக்கும் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இரண்டு வருஷம் எல்லோரையும் கேட்டு எழுதினேன். என் தாத்தாவின் அப்பா சின்னையன், போடியிலிருந்து கால்நடையாக மலையேறி வந்த 1947-இல் எங்கள் சரித்திரம் தொடங்குகிறது. அதற்குச் சாட்சி, வேலைக்குச் சேர்ந்த வருஷம் போட்டு எஸ்டேட்டில் அவருக்குக் கொடுத்த பெயர்ச்சீட்டு. அதை அரிசி டின்னில் வைத்துக் காப்பாற்றி வந்த சந்தனம் பெரியப்பா, எழுதி முடித்ததும் திருப்பித் தரச்சொல்லி என்னிடம் கொடுத்தார். எஸ்டேட் மூன்று கை மாறிவிட்டது. பழைய பதிவேடு எதுவும் இப்போது இல்லை.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் வந்திருந்தபோது நோட்டை வெளியே எடுத்தேன். எனக்கு வாய் வராது என்பதால் பெரியப்பா மகள் கற்பகம் வாசித்தாள். நல்ல குரல் அவளுக்கு. பூபதிராஜா சித்தப்பாவுக்குத் தன் பெயர் தம்பி பெயருக்குப் பின்னால் வந்ததில் வருத்தம்.

"நான் ஜீப் வாங்குனதுக்கு நாலு வரி. எங்கண்ணன் பல்லு விழுந்ததுக்கு ஒரு பக்கமா?" என்றார்.

அத்தை, தான் ஓடிப்போய்க் கல்யாணம் செய்ததை எடுக்கச் சொன்னாள். மாமா, அது இருக்கட்டும், தன்னை நம்பி வந்த ஒரே ஆள் அவள்தான் என்றார். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். வருஷங்களை யாரும், வாசித்த கற்பகம்கூட, மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசிப் பக்கத்தில் முப்பத்தொரு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். அவ்வளவு சந்தோஷமான நாள் எனக்கு அதற்குமுன் இல்லை.

பாத்திரம் கழுவும்போது கற்பகம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோழிக்கோட்டில் நர்சிங் படிக்க அவளுக்கு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி.

"நல்லாத்தான் எழுதியிருக்கடி. ஆனா என் பேர எடுத்துரு."

நான் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காரணத்தையும் அவளே சொன்னாள்.

"நான் போனா திரும்பி வரமாட்டேன். எஸ்டேட் லயத்து வீட்டுல பொறந்தவன்னு அங்க எவளுக்கும் தெரிய வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. என் தோளில் கைகூட வைத்திருந்தாள். ஆனால் ஒரு சரித்திரத்திலிருந்து ஆளை எப்படி எடுப்பது? யோசித்துப் பார்த்தேன். ஆளைப் போகவிடாமல் இருப்பதுதான் சரியான வழி என்று பட்டது.

எங்களைப் போல மலைக்கு அந்தப் பக்கத் தமிழ் ஊர்களிலிருந்து வந்தவர்கள், 1950-க்கு முன்பே முன்னோர் இங்கே இருந்ததைக் காட்டினால்தான் இந்த மலையாள நாட்டில் சாதிச் சான்றிதழ். மறுநாள் காய் உலர்த்தும் ஸ்டோரில் எனக்கு வேலை. சீட்டை அடுப்பில் போட்டேன். சின்னக் காகிதம், ஒரு விறகு எரிகிற நேரம்கூட ஆகவில்லை. பெரியப்பாவிடம், மழையில் கூரை ஒழுகி நைந்துபோனது என்றேன். அவர் திட்டவில்லை. நோட்டில்தான் எல்லாம் இருக்கிறதே, எல்லோரும் கையெழுத்தும் போட்டிருக்கிறோமே, அதைக் காட்டலாம் என்றார். அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே நோட்டின் நடுவே குத்தியிருந்த கம்பிப் பின்னைக் கழற்றி ஒரு தாளை மாற்றினேன். சின்னையன் இப்போது 1952-இல் மலையேறினார். அதே தாளின் மறுபாதியில் சித்தப்பாவின் ஜீப் இருந்தது. அதையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. இந்த முறை எட்டு வரி வந்தது.

வில்லேஜ் ஆபீசுக்குப் பெரியப்பாவோடு நானும் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். பொறுமையாகப் படித்தார். முப்பத்தொரு பேர் சேர்ந்து 52 என்று எழுதிக் கொடுத்திருக்கும்போது தான் என்ன செய்ய முடியும் என்று வருத்தப்பட்டார்.

வெளியே வந்ததும் பெரியப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் வருஷத்தத் தப்பாச் சொல்லிட்டனா தாயி?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பேச வேண்டியதில்லை.

அன்றிலிருந்து அவர் யாரிடமும் எந்தக் கதையும் சொல்வதில்லை; தன் ஞாபகத்தில் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது. கற்பகத்தின் இடம் வேறு யாருக்கோ போனது. அவள் தம்பிக்கும், சித்தப்பா பிள்ளைகளுக்கும், இனிப் பிறப்பவர்களுக்கும் அந்தச் சான்றிதழ் கிடைக்காது. ஆனால் எல்லோரும் இங்கேயே இருப்பார்கள். யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

கற்பகம் இப்போது எனக்கு அடுத்த வரிசையில் காய் எடுக்கிறாள். காலையிலிருந்து மாலைவரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கும் பேச வராது. எங்கள் குடும்பத்தில் இவ்வளவு ஒற்றுமையாக வேறு இரண்டு பேர் இல்லை.