உக்கிய வலைக்குள் போன பந்து

பெயர்: அந்தோனி ஜெராட் குலாஸ். வயது: 36. தொழில்: மீன்பிடி. மதம்: றோமன் கத்தோலிக்கம். விலாசம்: மாதா கோயிலடி, சங்குப்பாடு, மன்னார்.

மேற்படி விலாசத்தில் மனைவி அஞ்சலாவுடனும் பிள்ளைகளுடனும் வசித்து வருகிறேன். என் மாமனார் பஸ்ரியன் லெம்பேட்டின் படகில் தொழிலுக்குப் போகிறேன். எங்கள் ஊர்க் கடற்தாரகை விளையாட்டுக் கழகத்துக்கும் அவரே தலைவர். நான் அதன் கோல்காப்பாளர். நேற்றுப் பின்னேரம் மைதானத்தில் தலையில் காயப்பட்டு, இரவு வைத்தியசாலையில் இருந்து, இன்று காலை ரிக்கற் வெட்டி வெளியே விட்டதும் நேரே இங்கே வந்தேன். என்னைக் காயப்படுத்தியதாகச் சொல்லி எங்கள் கழக வீரர் றொசாந்தன் என்பவரை இந்தப் பொலிஸ் நிலையத்தின் பின்னறையில் வைத்திருப்பதாக அறிந்தேன். அதுபற்றியே இந்த வாக்குமூலம். எனக்குக் கெதியில் கோபம் வரும். இப்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளலாம் என்று உத்தியோகத்தரிடம் சொன்னேன்.

றொசாந்தனுக்கு வயது இருபத்திரண்டு. என்னை அண்ணை என்று கூப்பிடுகிறவன். உத்தியோகத்தர் ‘அவர்’ என்று எழுதினார். இனிமேல் ‘அவன்’ என்றே எழுதச் சொன்னேன். எங்கள் அணியில் கோல் அடிப்பவன் அவன்தான். மூன்று வருடமாக எனக்கு முன்னால் பத்துப் பேர் ஓடினாலும் என் கண் அவனுடைய இடது காலிலேயே இருந்தது.

சில மாதங்களுக்கு முன்னர் விடத்தல்தீவில் நடந்த ஒரு போட்டியைப் பார்க்க மறிச்சுக்கட்டியைச் சேர்ந்த ஸாஜித் என்பவர் வந்தார். அவர் கொழும்புக் கழகம் ஒன்றுக்கு வீரர் தேடிக் கொடுப்பவர். ஆட்டம் முடிந்ததும் அவர் றொசாந்தனிடம் பேசினார். அவனுக்கும் போக விருப்பம். ஆனால் எங்கள் கழகத் தலைவர் கையெழுத்திட்ட விடுவிப்புக் கடிதம் இல்லாமல் கொழும்பில் பதிவு செய்ய முடியாது. அதன் பின்னர் ஸாஜித் பல தடவைகள் என் மாமனாரின் வீட்டுக்கு வந்தார். மாமனார் அவருக்குக் கதிரை போட்டார், தேத்தண்ணி கொடுத்தார், பொரித்த மீன் கொடுத்தார். கடிதத்தை மட்டும் கொடுக்கவில்லை.

ஒரு தடவை நானும் அங்கே இருந்தேன். “பதிலுக்கு ரெண்டு பேரை ஒரு வருசத்துக்கு உங்களுக்கு அனுப்பி வைக்கிறம் ஐயா” என்று ஸாஜித் கேட்டுப் பார்த்தார். “அவங்கள் இந்த மணலில ரெண்டு நாள் ஓடட்டும். மூண்டாம் நாள் அம்மாவைத் தேடி அழுவாங்கள். நீர் என்ர வள்ளத்தின்ர எஞ்சினைக் கழட்டிக்கொண்டு போக வந்திருக்கிறீர், பதிலுக்கு ரெண்டு துடுப்புத் தாறன் எண்டுறீர்” என்று மாமனார் சொன்னார். மூலையில் நின்ற றொசாந்தன், “மாமா, நான் ஊரை விட்டுப் போகேல்ல, பந்துக்குப் பின்னாலதான் போறன்” என்றான். மாமனார் எழும்பி உள்ளே போய்விட்டார். நானும் அவனை விட விரும்பவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். “நீ போனா எங்களுக்கு ஆரடா அடிக்கிறது?” என்று அன்று அவனை ஏசினேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கழகத்தை விட்டுப் போக விரும்புகிறவன் ஒரு ஆட்டம் எதிரணியில் நின்று சொந்தக் கழகத்துக்கு எதிராக ஆட வேண்டும். அதில் கோல் போட்டால் தலைவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைப்பார். போடாவிட்டால் அவன் இன்னும் ஒரு வருடம் இருக்க வேண்டும். எங்கள் மைதானத்தில் இன்னொன்றும் உண்டு. கோலா இல்லையா என்று தகராறு வந்தால் நடுவர் கோல்காப்பாளரைத்தான் கேட்பார். அவர் சிலுவை அடையாளம் போட்டுச் சொன்னால் அதுவே முடிவு. சொந்த அணி தோற்றாலும் அந்தச் சொல்லுக்கு மேலே ஊரில் யாரும் பேசுவதில்லை. இந்த இரண்டுக்கும் சம்மதம் என்று என் மாமனார் கோயில் பங்குச் சுவாமியின் முன்னிலையிலும் ஸாஜித்தின் முன்னிலையிலும் சொன்னார். பதிவு நாளையுடன் முடிவதால் ஆட்டத்தை நேற்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வைத்தார்கள். எதிரணி விடத்தல்தீவிலிருந்து வந்தது; றொசாந்தன் அவர்களோடு நின்று ஆடினான்.

எங்கள் கோல் கம்பங்களுக்கு மீன் வலைதான் கட்டுவது. நல்ல வலை எல்லாம் கடலில் கிடந்ததால், எங்கள் மீன்வாடியின் வேலியில் வருடக்கணக்காக வெயில் குடித்துக் கிடந்த ஒரு வலையை மாமனார் எடுத்து வந்தார். கை வைத்தால் நூல் மாவாக உதிர்ந்தது. இது தாங்காது என்று நான் சொன்னேன். “பந்து என்ன சுறாவோ? இதுக்கு இந்த வலை காணும்” என்று அவரே ஏறிக் கட்டினார்.

ஆட்டம் முடியும் தறுவாய் வரையில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. றொசாந்தன் அடித்த எல்லாவற்றையும் நான் பிடித்தேன். சோளகக் காற்று பலமாக வீசியது. கடல் என் வலது பக்கம். காற்று அங்கிருந்து வந்து பந்துகளை எல்லாம் என் இடது பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த நேரம் றொசாந்தன் பெனல்டிப் பெட்டிக்கு வெளியே, என்னிலிருந்து இருபது யார் தள்ளி, திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது காலால் அடித்தான். பந்து என் இடது கம்பத்துக்கு ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த அளவு, வெளியே போவதைக் கண்டேன். காற்றும் அதே பக்கம். போகட்டும் என்று விட்டுவிட்டு நின்றேன். இந்தக் காற்றில் பிறந்து இந்தக் காற்றில் தொழில் செய்கிறவன் நான். இதில் எது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

அதன் பின்னர் அந்தப் பந்து திரும்பியது. காற்றுக்கு எதிராக, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் உள்ளே வந்தது. ‘வந்தது’ என்று மட்டும் எழுதினால் போதுமா என்று உத்தியோகத்தர் கேட்டார். போதாது என்றேன். இத்தனை வருடத்தில் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. வேறு யாருடைய கோலுக்கு வந்திருந்தாலும் நான் நின்று கைதட்டியிருப்பேன். “என்ர மாதாவே!” என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். விரல் நுனியில் பந்து பட்டது. கம்பத்துக்கு உள்பக்கமாகக் கோட்டைத் தாண்டி, உக்கிய வலையைக் கிழித்து வெளியே வந்து, வேகம் குறையாமல் பனைகளுக்குள் போனது. பாய்ந்த வேகத்தில் என் தலை கம்பத்தில் மோதியது.

கோலுக்குப் பின்னால் நின்றவர்கள் பந்து வலைக்கு வெளியே ஓடியதைத்தான் கண்டார்கள். அதனால் கம்பத்துக்கு வெளியால் போனதாகச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கம்பத்தடியில் நிற்கவில்லை, நான் நின்றேன்.

அதன் பின்னர் நடந்தது எனக்கு அரைகுறையாகவே நினைவு. றொசாந்தன் கோல் போட்ட சந்தோசத்தில் ஓடவில்லை, என்னிடம் ஓடிவந்தான். தன் ஜேர்சியைக் கழற்றி என் தலையைக் கட்டினான். “அண்ணை, கண்ணைத் திறவுங்கோ அண்ணை” என்று அழுதான். அவன் கையெல்லாம் என் இரத்தம். தூரத்தில் நின்ற எங்கள் ஆட்கள் அவன் என்னை உதைத்துவிட்டதாக நினைத்து ஓடிவந்து அடித்தார்கள். விடத்தல்தீவு ஆட்கள் தடுக்க வந்ததும் சண்டை பெருத்தது. நடுவர் என்னைக் கேட்க வந்தாராம்; அதற்குள் என்னை வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். றொசாந்தனைப் பொலிஸ் கொண்டுபோனதாம்.

இன்று விடிய மாமனார் கஞ்சியோடு வைத்தியசாலைக்கு வந்தார். கட்டிலருகே கதிரையில் இருந்து, “மருமோன், ஒண்டும் ஞாபகமில்லை எண்டு சொல்லு. தலையில அடிபட்ட மனிசன், ஆரும் குறை சொல்லாயினம்” என்றார். பெடியன் பொலிசில் இருக்கிறானே என்று கேட்டேன். “நாளண்டைக்கு விட்டிடுவாங்கள். அதுக்குள்ள பதிவு முடிஞ்சிடும். அவனுக்கு வயசிருக்கு. எங்களுக்குத்தான் வேற ஆளில்லை. நீ என்ர வள்ளத்தில ஏறுற ஆள், யோசிச்சுக் கதை” என்றார். நான் பதில் சொல்வதற்குள், கட்டிலின் மறுபக்கம் இருந்த அஞ்சலா எழும்பினாள். “அப்பா, கஞ்சியை எடுத்துக்கொண்டு போங்கோ” என்று தன் தகப்பனிடம் சொன்னாள். என்னிடம், “நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ. வள்ளம் இல்லாட்டிப் பாப்பம்” என்றாள். இதை எழுத வேண்டாம் என்று உத்தியோகத்தர் சொன்னார். எழுதச் சொன்னேன்.

அடிபட்ட நேரத்தில் நான் “மாதாவே” என்று அலறியதாக மூன்று பேர் சொல்லியிருப்பதை உத்தியோகத்தர் சுட்டிக்காட்டி, வலியால்தானே கத்தினீர் என்று கேட்டார். இல்லை. கத்தியபோது என் தலை இன்னும் கம்பத்தில் படவில்லை. நான் கத்தியது அந்தப் பந்தைப் பார்த்து. றொசாந்தன் என்னைத் தொடவே இல்லை. எனக்கு யார்மீதும் முறைப்பாடு இல்லை. கம்பத்தின்மீது இருந்தால் அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

கோலா இல்லையா என்பது பொலிசுக்குத் தேவையில்லாத விடயம் என்று உத்தியோகத்தர் சொன்னார். அது எழுதப்படாவிட்டால் கையொப்பமிட மாட்டேன் என்றேன். நான் இங்கு வந்தது முதல் மாமனாரும் ஸாஜித்தும் வாசலடி வாங்கில் குந்தியிருக்கிறார்கள். “சிலுவை போட்டுச் சொல்லு ஜெராட்” என்று மாமனார் அங்கிருந்தபடியே சொன்னார். எழும்பி நின்று சிலுவை அடையாளம் போட்டு, “கோல்” என்றேன். பின்னறையில் இருக்கிறவனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக, “நல்லா அடிச்சனியடா, கொழும்புக்குப் போட்டு வா!” என்று சத்தமாகவும் சொன்னேன். மாமனார் வாங்கை விட்டு எழும்பினார். ஸாஜித்தின் கையிலிருந்த விடுவிப்புக் கடிதத்தை வாங்கிக்கொண்டு மேசைக்கு வந்து, “பேனையைத் தாங்கோ ஐயா” என்று உத்தியோகத்தரிடம் கேட்டார். சாட்சி முதலில் கையொப்பமிட வேண்டும் என்று உத்தியோகத்தர் சொல்லிவிட்டார்.

ஆகவே பேனை இப்போது என்னிடம் இருக்கிறது; மாமனார் பக்கத்தில் காத்து நிற்கிறார். எழுதியது எனக்கு உரக்க வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதும் இதில் இருப்பதும் ஒன்றே. எவருடைய வற்புறுத்தலும் இன்றி, மாதா சாட்சியாக, உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன்.

(ஒப்பம்) அ. ஜெராட் குலாஸ்